சோழியும் சமன்பாடும்

ஆண்டுதோறும் சித்திரை பிறக்கும்போது நம் ஊர்களில் ஒரு பழைய வழக்கு மீண்டும் தலைதூக்குகிறது. புத்தாண்டு பிறக்கும் நேரமென வாக்கிய பஞ்சாங்கம் ஒன்றைக் கூறும். திருக்கணித பஞ்சாங்கம் வேறொன்றைக் கூறும். எதனைப் பின்பற்றுவது என்று வீட்டுப் பெரியவர்கள் ஆராய்வர். கோயிலில் ஒரு நேரத்திலும் அயல்வீட்டில் மற்றொரு நேரத்திலும் மருத்துநீர் வைப்பதும் உண்டு. இரண்டும் கணக்குத்தானே, கணக்கு எவ்வாறு இரண்டு விடை தரும் என்று ஒரு மாணவன் கேட்டால் நம்மிற் பலர் சிரித்துவிட்டு நகர்வோம். ஆயினும் சிரித்து ஒதுக்கத்தக்க வினா அன்று அது. இன்றைய பௌதிகவியலின் தலையாய ஆராய்ச்சிப் பிரச்சினைகளுள் ஒன்றின் வாயிலில் அவ்வினா நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. கணித்தல் என்பது வேறு, விளங்கிக்கொள்ளுதல் என்பது வேறு; இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள உறவு யாது என்பதே அப்பிரச்சினை.

இவ்வுறவின் வரலாற்றில் தமிழர் வெறும் பார்வையாளராக இருந்தவர் அல்லர். சென்றுபோன இருநூறு ஆண்டுகளில் மூன்று காட்சிகளை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதற் காட்சி புதுச்சேரியில் நிகழ்கிறது. ஜோன் வாரன் என்ற படையதிகாரி தென்னிந்தியக் காலக் கணக்கு முறைகளை ஆராய்ந்து 1825இல் ‘கால சங்கலித’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அங்கு பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரை அவர் சந்தித்தார். சாமிநாதன் சேஷையா என்று நாம் வாசிக்கத்தக்க விதத்தில் அவர் பெயரை வாரன் பதிந்துவைத்திருக்கிறார். தாளும் எழுத்தாணியும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நிலத்திற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்றொடர்களிலிருந்து எண்களை வரவழைத்து, 1825ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே அவர் கணக்கு வழுவியது. வெறுங் கையோடு நிலத்தில் அமர்ந்த ஒருவர் வானத்தை அவ்வளவு அண்மையிற் சென்று தொட்டார்.

அச்சொற்றொடர்கள்தாம் ‘வாக்கியங்கள்’. எழுத்துக்கு எண் பெறுமதி கொடுத்து அமைக்கப்பட்டவை அவை. சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வர ஏறத்தாழ இருபத்தேழரை நாள் எடுக்கும்; அத்தகைய 9 சுற்றுக்கள் 248 நாளுக்கு மிக நெருங்கி வரும். எனவே நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை மனத்திற் பதித்தவன் சந்திரனின் இடத்தை எந்நாளுக்கும் கூறவல்லவனாகிறான். வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயர் இவ்வாறு வந்ததே. இம்முறையின் வேர்களை ஆராய்ந்த கணித வரலாற்றாசிரியர் ஒட்டோ நொய்கெபவர், 1952இல் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில், பாபிலோனியக் களிமண் ஏடுகளின் கணக்கு முறைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினார். ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு கணிப்பு முறை நாடுகளையும் மொழிகளையும் கடந்து, ஒரு தமிழரின் சோழிகளில் உயிரோடு இருந்தது என்பது வியப்புக்குரியதே.

வியப்போடு நின்றுவிடலாகாது. அக்கணிப்பாளருக்கு நினைவாற்றல் மிகுதி; தாம் கையாண்ட விதிகளின் காரணமோ அவருக்குத் தெரியாது என்று வாரன் எழுதுகிறார். விதியை அறிந்தவர் விதியின் தோற்றுவாயை அறிந்திலர். இதனால் விளைவது யாது? கணக்கு வானத்தோடு பொருந்தும்வரை குறை தெரிவதில்லை. நூற்றாண்டுகள் செல்லச் செல்லச் சிறு வழுக்கள் திரளும். அவற்றைத் திருத்த வேண்டிய வேளையில், எந்த எண்ணை எதற்காக மாற்றுவது என்பது தெரியாமற் போகும். கருத்தை இழந்த கணக்குத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றலையும் இழந்துவிடுகிறது. சித்திரையில் நாம் காணும் இரண்டு நேரங்களின் பின்னணி இதுவே.

நம் மண்ணிலும் இம்மோதல் நிகழ்ந்தது. 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதச் சந்திர கிரகணத்தை முன்னிட்டு, அராலிப் பஞ்சாங்க மரபினருக்கும் வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபர் டானியல் பூவருக்கும் இடையே வாதம் எழுந்தது. ஐரோப்பியக் கணிப்பின் மேன்மையைக் காட்டுதல் மிஷனரிமாரின் மதப் பிரசாரத்துக்கு உகந்த கருவியாக அமைந்தது என்பதை மறத்தல் கூடாது. ஆயினும் கருவியைக் கொண்டுவந்தவரின் நோக்கம் ஒன்றாகவும், கருவி செய்து முடிக்கும் வேலை வேறொன்றாகவும் அமைவது வரலாற்றிற் புதுமையன்று. அச்செமினரியிற் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் ‘வீசகணிதம்’ என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். அவரும், பின்னாளில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1857இற் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதற் பட்டப் பரீட்சையில் ஒருங்கே தேறினர். இலக்கியம் ஒரு புறம், கணிதம் மறு புறம் என்று இன்று நாம் எழுப்பியுள்ள மதில் அன்று அங்கே இருக்கவில்லை. நினைவிலிருந்து எண்களை வரவழைக்கும் நிலையிலிருந்து, அறியாததற்கு ஓர் எழுத்தை இட்டு ஆராயும் நிலைக்குத் தமிழ் உரைநடை வந்து சேர்ந்த காலம் அது.

இரண்டாவது காட்சிக்குக் கேம்பிரிட்ஜ் செல்லவேண்டும். 1911இல் றதபோட் அணுவின் உள்ளே ஒரு கரு இருப்பதைக் கண்டறிந்தார். கருவைச் சுற்றி இலத்திரன் ஓடுகிறது எனக் கொண்டால் ஒரு சங்கடம் எழும். ஏற்றமுள்ள பொருள் ஆர்முடுகும்போது ஒளியாகவோ பிற கதிராகவோ சத்தியை வெளிவிடும். சத்தியை இழந்த இலத்திரன் ஒரு செக்கனின் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு செல்லுமுன்பே கருவில் விழுந்துவிட வேண்டும். உலகில் ஓர் அணுவும் மிஞ்சாது. இச்சங்கடத்தைத் தீர்ப்பதற்கே 1913இல் நீல்ஸ் போர் புதிய விதிகளை வகுத்தார். அவற்றிலிருந்து சத்திச் சொட்டுப் பொறிமுறை வளர்ந்தது.

எனினும் அடியில் ஒரு பழைய கேள்வி விடையின்றிக் கிடந்தது. சத்தியை வெளிவிடும் இலத்திரன் அவ்வெளியீட்டின் எதிர்த்தாக்கத்தைத் தானும் உணரவேண்டுமல்லவா? அதனைக் கூறும் சமன்பாடு யாது? 1938இல் போல் டிராக் இதற்குச் செப்பமான ஒரு சமன்பாட்டை அளித்தார். நியூற்றனின் விதியில் ஆர்முடுகல் வரும். டிராக்கின் சமன்பாட்டிலோ ஆர்முடுகல் மாறும் வீதமும் வருகிறது. பார்வைக்குச் சிறிய இவ்வேறுபாடு பெரும் விபரீதத்தை விளைத்தது. யாதொரு விசையும் தாக்காத இலத்திரன்கூட, தானே வேகங்கூடி ஒளியின் வேகத்தை நோக்கி ஓடலாம் என்று அச்சமன்பாடு கூறிற்று. அதன் ஆர்முடுகல் பெருகும் காலவளவு மிகச் சிறிது: ஒன்றுக்குப் பின் 24 சுழியங்கள் இட்ட எண்ணால் ஒரு செக்கனை வகுத்து, அதில் ஏறத்தாழ 6 பங்கு எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு. இத்தகைய ‘ஓடிப்போகும்’ தீர்வுகள் இயற்கையில் இல்லை. ஆகவே, இறுதியில் ஓடிப்போகாத தீர்வுகளை மட்டும் தெரிந்தெடுப்போம் என்று டிராக் ஒரு நிபந்தனையை விதித்தார். அதற்கும் ஒரு விலை இருந்தது: விசை வந்து சேருமுன்பே இலத்திரன் அசையத் தொடங்கிவிடும்.

இவ்விடத்தில்தான் ஈழத்துத் தமிழர் ஒருவர் வருகிறார். கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர் 1918இற் பிறந்தவர். கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பயின்று கேம்பிரிட்ஜ் சென்று டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தவர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல் அவர் ஐதரசன் அணு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ஒரு மாணவனுக்கும் விளங்கக்கூடியது. புரோத்தன் ஒன்று இருக்கிறது. இலத்திரன் அதை நோக்கி நேர்கோட்டில் விழுகிறது. டிராக்கின் சமன்பாட்டின்படி என்ன நடக்கும்? இரண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பவை. ஆகவே மோதும் என்றே எவரும் கூறுவர். மோதாது என்று எலியேசர் நிறுவினார். இலத்திரன் புரோத்தனை அடையுமுன் நின்று, திரும்பி, தன்னை ஈர்ப்பதையே விட்டு விலகி, எல்லையின்றி வேகங்கூடி ஓடிவிடும். டிராக்கின் நிபந்தனைக்கு அமையும் தீர்வு இங்கே ஒன்றுகூட இல்லை.

இம்முடிவின் மதிப்பு யாது? ‘இல்லை’ என்ற முடிவை நம் சமுதாயம் தோல்வியாகவே எண்ணிப் பழகிவிட்டது. விஞ்ஞானத்தில் அவ்வாறன்று. விடை காண இயலாமைக்குக் காரணம் கணிப்பவனின் திறமைக் குறைவன்று, சமன்பாட்டின் உள்ளேயே கோளாறு இருக்கிறது என்று காட்டுதல் ஒரு கண்டுபிடிப்பாகும். புதுச்சேரிச் சோழிகளுக்கும் இதற்குமுள்ள தூரத்தை இங்கே அளந்துகொள்ளலாம். முன்னவர் விதியைக் கேள்வியின்றிக் கையாண்டார். பின்னவரோ உலகின் முதல்தரப் பௌதிகவியலாளரான தம் ஆசிரியரின் விதியையே ஒரு கணக்கில் நிறுத்தி, அது எங்கே தவறுகிறது என்று பார்த்தார். ஆசிரியருக்கு அடங்கியிருத்தலே மாணவ இலக்கணம் என்று போதிக்கும் நமக்கு இது சிந்திக்கத்தக்கது.

எலியேசர் அத்துடன் அமையவில்லை. 1948இல், ஆர்முடுகல் மாறும் வீதத்துக்குப் பதிலாகப் புறவிசை மாறும் வீதத்தை இட்டு வேறொரு சமன்பாட்டைக் கூறினார். அதில் ஓடிப்போகும் தீர்வுகள் எழுவதில்லை. ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து, ஃபோட், ஒகொனல் என்ற இருவர் சத்திச் சொட்டுப் பொறிமுறையிலிருந்து தொடங்கி அதே வடிவை எய்தினர். அவர்கள் பெயரோடு எலியேசரின் பெயரும் சேர்த்து அச்சமன்பாடு இன்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வழங்குகிறது.

மூன்றாவது காட்சி கணினியின் காலம். 1953 அளவில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் மானியாக் என்ற பொறி இருந்தது. ஐதரசன் குண்டுக்கான கணக்குகளைச் செய்ததே அதன் முதற் பணிகளுள் ஒன்று. மனித குலத்தை அழிக்கும் கருவிக்காக மக்களின் பணம் தாராளமாகச் செலவிடப்பட்டதும், அதன் ஓய்வு வேளையில் ஒரு தூய விஞ்ஞானக் கேள்வி கேட்கப்பட்டதும் நம் காலத்தின் முரண்பாட்டைக் காட்டும். ஃபேர்மி, பஸ்தா, உலாம் ஆகியோர் விற்சுருள்களாற் கோக்கப்பட்ட மணிகளின் கோவை ஒன்றைக் கற்பனை செய்து, அதன் அசைவைக் கணிக்குமாறு பொறியைப் பணித்தனர். ஓர் அசைவுக்குக் கொடுத்த சத்தி நாளடைவில் எல்லா அசைவுகளுக்கும் சமமாகப் பரவிவிடும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. பரவவில்லை. சிறிது பரவி, மீண்டும் முதல் அசைவுக்கே பெரும்பாலும் திரும்பிற்று. கணிப்பு அதுவரை கருத்தின் ஏவலாளாக இருந்தது. அன்று அது கருத்தை வினவும் உரிமையைப் பெற்றது.

அந்தக் கணிப்புக்கு வேண்டிய ஆணைகளை எழுதிப் பொறியை இயக்கியவர் மேரி சிங்கோ என்னும் பெண். 1955இன் அறிக்கையில் வேலை செய்தோர் வரிசையில் அவர் பெயர் உண்டு. அறிக்கையை எழுதியோர் வரிசையில் இல்லை. அரை நூற்றாண்டு வரை அப்பிரச்சினை மூவர் பெயராலேயே வழங்கிற்று. 2008இலேயே அவர் பெயரையும் சேர்க்க வேண்டுமென்ற குரல் வலுப்பெற்றது. நம்மவருள் உலகப் புகழ் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெருநூல்களின் பின்னாலும், 1948 முதல் மூன்று தசாப்தங்கள் எண்கணிப்புச் செய்த டொனா எல்பேட் என்ற பெண்ணின் உழைப்பு இருக்கிறது. சோழி பரப்பியவர் முதல் இப்பெண்கள் வரை, கணிக்கும் கைகளை வரலாறு அடிக்குறிப்பில் வைத்தே பழகிவிட்டது. கட்டிடத்தைக் கட்டியவனின் பெயரின்றி, கட்டுவித்தவனின் பெயரைக் கல்லிற் பொறிக்கும் வழக்கம் விஞ்ஞானத்துக்கும் புறம்பானதன்று.

எலியேசரின் பிரச்சினையும் கணினியிடம் வந்தது. அங்கே ஒரு புதிய சிக்கல். டிராக்கின் சமன்பாட்டைப் பொறியில் இட்டு முன்னோக்கிக் கணித்தால், கடைசித் தசமதானத்தில் விழும் மிகச் சிறிய பிழையும் கணத்திற் பெருகி விடையைக் கொண்டோடிவிடும். ஓடிப்போகும் தீர்வு ஒளிந்திருந்து கணக்கைக் கவர்ந்துகொள்கிறது. மார்க்கம் ஒன்றே: வயலிலிருந்து வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடந்து குளத்துத் துருசை அடைபவனைப்போல, முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிக் கணித்தல் வேண்டும். அத்திசையில் பிழைகள் பெருகுவதற்குப் பதிலாகத் தேய்ந்துவிடும். எத்துணை விரைவான பொறியாயினும் இவ்வழியைத் தானே கண்டுகொள்ளாது. சமன்பாட்டின் இயல்பை அறிந்தவனே கூறவேண்டும். 1976இற் கனடாவில் ஹஷில்ட், பேலிஸ் என்போர் இத்தகைய நேர்மோதல்களை எண்முறையில் ஆராய்ந்தனர். 2018இல், இங்கிலாந்தின் றதபோட் அப்பிள்ரன் ஆய்வுகூடத்தில் இலத்திரன் கற்றையை வலிமைமிக்க லேசர் ஒளியோடு நேருக்கு நேர் மோதவிட்டு, இலத்திரன்கள் எதிர்த்தாக்கத்தாற் சத்தி இழப்பதைக் கண்டதாக இரு குழுவினர் அறிவித்தனர். அவர்கள் அளவைகளைப் பல கணினிப் படிமங்களுடன் ஒப்பிட்டனர். மிக உயர்ந்த ஒளிச்செறிவில் எந்தப் படிமம் முற்றிலும் பொருந்தும் என்பது இன்றும் ஆராயப்படும் பொருளே.

இனி, இவ்வரலாறு நமக்குரிய கேள்வியை எழுப்புகிறது. எலியேசர் 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது, 1958இல் இனக்கலவரம் நிகழ்ந்தது, 1959இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார், 1968இல் அவுஸ்திரேலியாவின் லா ற்றோப் பல்கலைக்கழகத்தை அடைந்தார், 2001இற் காலமானார். ஒரு மனிதரின் தனிமுடிவுக்கு நாம் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் பாக்கு நீரிணையின் அப்பால் நடந்ததை ஒப்பிடலாம். அல்லாடி இராமகிருஷ்ணன் தம் வீட்டில் நடத்திய கருத்தரங்கு, கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் ஆதரவோடு, 1962ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் சென்னையிற் கணித விஞ்ஞான நிறுவனமாக மலர்ந்தது. அங்கே ஒரு கூடம் எழுந்தது. இங்கே ஒரு நாற்காலி வெறிதாயிற்று. கொள்கைப் பௌதிகவியலுக்கு வேண்டியவை தாளும் பென்சிலுமே என்பர். உண்மையில் அதற்கு வேண்டியது, ஒரு நாடு தன் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே எண்ணும் மனநிலை.

இதனை யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் புலம்பலாக மட்டும் எழுதிவிடுதல் நேர்மையாகாது. 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவருக்குப் பெரும் அநீதி இழைத்தது. எனினும் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு, வவுனியா, மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு, அதுவரை திறக்காத விஞ்ஞான பீடக் கதவைச் சிறிது திறந்தது. காட்டையும் குளத்தையும் நம்பி வாழ்ந்த கமக்காரனின் மகன் நகரத்துக் கல்லூரி மாணவனோடு சமமாக ஓடவில்லை என்பதை மறைத்து, திறமை ஒன்றே அளவுகோல் என்று வாதிப்போர், அத்திறமை எங்கே எவ்வாறு விலைக்கு வாங்கப்பட்டது என்பதையும் கூறவேண்டும். அநீதியை எதிர்க்கும்போதே நம்முள் இருக்கும் ஏற்றத்தாழ்வையும் காணுதல் முற்போக்காளர் கடமை.

வன்னியின் கதை பின்னர் இன்னும் இருண்டது. 1990களில், மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்த காலத்தில், பெருநிலத்தின் பிள்ளைகள் குப்பிவிளக்கில் வகையீட்டைப் படித்தனர். 2009இல் ஏடுகளையும் இழந்தனர். அந்நிலத்தின் விளிம்பில், 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1இல் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்திற் பிரயோக கணிதமும் கணிப்பியலும் கற்பிக்கப்படுகின்றன. சோழியின் பேரப்பிள்ளையும் சமன்பாட்டின் பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் அமர இடம் கிடைத்திருக்கிறது. இதனைச் சிறிதென்று எண்ணலாகாது.

ஆயினும் அவ்வாயிலுக்கு நாம் எத்தகைய மாணவரை அனுப்புகிறோம்? சூத்திரத்தை மனனஞ்செய், கடந்தகால வினாத்தாளைச் செய், காரணம் கேளாதே என்பதே பெரும்பாலும் நம் வகுப்பறைகளின் மந்திரம். புதுச்சேரிக் கணிப்பாளரை நகைக்கும் உரிமை நமக்கு இல்லை. அவருடைய 248 வாக்கியங்களுக்குப் பதிலாக நாம் 248 சூத்திரங்களைக் கொடுத்திருக்கிறோம். கணினியும் கைக்கு வந்துவிட்ட இன்று அபாயம் மேலும் பெரிது. கேட்டதும் விடை தரும் பொறியின் முன், விடையின் பிழையை உணரும் அறிவில்லாதவன் சோழியையும் இழந்த கணிப்பாளனாவான்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். யாப்பிலக்கணத்தில் முடுகு என்றால் விரைந்து செல்லும் ஓசை என்று நான் கற்பிக்கும் நேரத்தில், அடுத்த அறையிற் பௌதிக ஆசிரியர் ஆர்முடுகல் என்று கரும்பலகையில் எழுதுகிறார். இரண்டும் ஒரே சொல்லின் வேரில் நிற்பன. அதனைப் பிள்ளைகளுக்கு நாங்கள் இருவரும் கூறியதில்லை. சென்ற தவணையிற் கூறினோம். ஒரு மாணவி எழுந்து, “அப்படியென்றால், சேர், ஆர்முடுகலும் முடுகுமா? அது மாறினால் அதற்கு என்ன பெயர்?” என்று கேட்டாள். 1938இல் டிராக்கின் சமன்பாட்டிற் புகுந்து அத்தனை தொல்லையும் விளைத்த அளவு அதுவே என்பது அவளுக்குத் தெரியாது. பாடப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை. ஆயினும் கேள்வி பிறந்துவிட்டது. கேள்விக்குரிய சொல்லையும் அதனை ஆராயும் வசதியையும் அவளுக்குக் கொடுப்பது இனி நம் பொறுப்பு.